மகளின் ஃபார்மசி படிப்புக்காக வேலையை விடலாமா?

கேள்வி: வணக்கம் அம்மா. டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 51. பிராஸ்பெக்டனில் ஒரு தொழிற்சாலையில் 24 வருடமாக வேலை. பிடித்தங்களுக்கு முன் எனக்கு மாதம் 26,000 ராண்ட், பள்ளி அலுவலகத்தில் இருக்கும் மனைவிக்கு 12,000. வீட்டு பாண்டில் (வீட்டுக் கடனில்) 1,80,000 பாக்கி. எல்லாச் செலவும் போக மாதம் 4,500 ராண்ட் மிஞ்சுகிறது. மகள் 11ஆம் வகுப்பு, ஃபார்மசிஸ்ட் ஆக வேண்டும் என்கிறாள். அமெரிக்காவில் பள்ளி முடித்த கையோடு நேரடியாகச் சேர்ந்து ஆறு வருடத்தில் ஃபார்ம்.டி. பட்டம் வாங்கலாம் என்று இணையத்தில் பார்த்ததிலிருந்து அதே பேச்சுதான். அவள் பார்த்த கல்லூரியில் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 45,000 டாலர். மைத்துனர் சென்னைக்கு அனுப்பச் சொல்கிறார். என் பிராவிடண்ட் ஃபண்டில், ஓய்வு நிதியைச் சேமிப்பு, ஓய்வு என்று பிரிக்கும் டூ-பாட் முறை வருவதற்கு முன் சேர்ந்தது மட்டும் 8,50,000 ராண்ட் இருக்கிறது. ராஜினாமா செய்தால் அதை எடுக்கலாமாம். எடுத்துப் படிக்க வைக்கலாமா?

பதில்: ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ராஜினாமா வேண்டாம். மகளை ஃபார்மசிஸ்ட் ஆக்க உங்கள் வேலை இருக்க வேண்டும். அந்த மாதச் சம்பளம்தான் இந்தப் படிப்பைத் தாங்கப் போகிறது.

நீங்கள் எடுக்க நினைக்கும் பணத்தையே பார்ப்போம். ஓய்வுக்கு முன் ஃபண்டை எடுத்தால், 2023 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அட்டவணைப்படி முதல் 27,500 ராண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 7,26,000 வரை 18 சதவீதம், அடுத்த படியில் 27 சதவீதம். உங்கள் 8,50,000 ராண்டுக்குக் கணக்குப் போட்டால் வரித்துறையான சார்ஸுக்குப் போவது 1,59,210 ராண்ட். கைக்கு வருவது 6,90,790. டாலர் 18 ராண்ட் என்று வைத்தால், மகள் பார்த்த கல்லூரியின் ஒரு வருடக் கட்டணமே 8,10,000 ராண்ட். 24 வருட உழைப்பின் சேமிப்பு முதல் வருடத்துக்குக்கூடப் பற்றாது. அப்புறம் இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது, உங்களுக்கோ வேலை இருக்காது. அதோடு, ஓய்வு பெறும்போது மொத்தமாக எடுக்கும் முதல் 5,50,000 ராண்டுக்கு வரி கிடையாது என்ற சலுகை இருக்கிறதே, இப்போதே எடுத்தால் அதையும் இழப்பீர்கள்.

ஆறு வருடக் கட்டணம் 2,70,000 டாலர், அதாவது இன்றைக்கு ஏறத்தாழ 48,60,000 ராண்ட். தங்குவது, சாப்பாடு, விமானம், காப்பீடு எல்லாம் தனி. ராண்ட் இதே இடத்தில் நிற்கும் என்று எண்ணவும் முடியாது. 2011இல் ஒரு டாலர் 7 ராண்டை ஒட்டி இருந்தது, 2023இல் ஒரு கட்டத்தில் 19ஐயும் தாண்டியது. டாலருக்கு ஒரே ஒரு ராண்ட் கூடினால்கூட உங்கள் மொத்தக் கணக்கில் 2,70,000 ராண்ட் கூடும். ராண்டில் சம்பளம் வாங்குகிற குடும்பம் ஆறு வருடத்துக்கு டாலரில் கட்டணம் கட்ட ஒப்புக்கொள்வதில் எனக்குள்ள பெரிய பயம் இதுதான். அமெரிக்க அரசின் மாணவர் உதவித்தொகையும் கடனும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது.

இனி ‘நேரடி’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்காவில் வழக்கமாக இரண்டு வருடமோ அதற்கு மேலோ கல்லூரியில் அடிப்படைப் பாடங்கள் படித்துவிட்டு, அதன் பிறகு ஃபார்மசி கல்லூரிக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் போட்டியைத் தவிர்க்க, பள்ளியிலிருந்தே இடம் ஒதுக்கி வைப்பதைத்தான் நேரடிச் சேர்க்கை என்கிறார்கள். ஆனால் அந்த இடம் நிபந்தனையோடு வருவது. முதல் இரண்டு வருடத்தில் கல்லூரி கேட்கும் சராசரியை எடுக்க வேண்டும், சில இடங்களில் நேர்முகமும் உண்டு. நம் நாட்டில் அப்படி ஒரு சுற்றே இல்லை. மெட்ரிக் (இங்கே 12ஆம் வகுப்பு) முடித்ததும் நேராக பி.ஃபார்ம்., நான்கே வருடம். இங்கே இருக்கும் சாதாரண வழியே நேரடி வழிதான் என்று மகளிடம் எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கத்திலேயே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் படிக்கலாம். ரோட்ஸ், நெல்சன் மண்டேலா, நார்த்-வெஸ்ட், விட்ஸ், வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகங்களிலும் இந்தப் படிப்பு உண்டு. ஆனால் உங்கள் வரவுசெலவுக்கு, வீட்டில் இருந்துகொண்டே போய்வரக்கூடிய இடத்துக்கு ஈடு வேறு இல்லை.

ஐந்தாவது, ஆறாவது வருடங்களைக் கவனியுங்கள். இங்கே நான்கு வருடம் முடித்ததும் ஒரு வருடம் இன்டர்ன், அடுத்து ஒரு வருடம் அரசு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ கம்யூனிட்டி சர்வீஸ். இரண்டுக்கும் சம்பளம் உண்டு. அமெரிக்காவில் ஐந்தாவது, ஆறாவது வருடக் கட்டணத்தை நீங்கள் கட்டிக்கொண்டிருக்கும் அதே காலத்தில், இங்கே படித்த பிள்ளை சம்பளம் வாங்கும். மொத்தம் ஆறு வருடம் என்பது இரண்டு பக்கமும் ஒன்றுதான். பணம் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் வேறு.

மைத்துனர் சொல்லும் சென்னை வழி அமெரிக்காவை விட மலிவுதான், மறுக்கவில்லை. இந்தியாவில் 2008இல் தொடங்கிய ஃபார்ம்.டி.யும் 12ஆம் வகுப்பு முடித்து நேராகச் சேரும் ஆறு வருடப் படிப்பு. ஆனால் வெளியில் எங்கே படித்தாலும், திரும்பி வந்து இங்கே மருந்து வழங்க தென்னாப்பிரிக்க ஃபார்மசி கவுன்சிலின் மதிப்பீட்டையும் தேர்வையும் தாண்டியாக வேண்டும். அந்தக் காத்திருப்பும் ஒரு செலவு. பாப்பா டர்பனில்தான் வாழப்போகிறாள் என்றால் டர்பனில் செல்லுபடியாகும் பட்டத்தையே வாங்கட்டும்.

சரி, இங்கேயே படித்தால் பணம் எப்படி? கட்டணம், போக்குவரத்து, புத்தகம், லேப்டாப், வெள்ளைக் கோட்டு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,00,000 ராண்ட் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்துக்கு 4,00,000. பல்கலைக்கழகம் தொடங்க இன்னும் 18 மாதம் இருக்கிறது. மாதம் மிஞ்சும் 4,500ஐ இன்றிலிருந்தே ஒதுக்கினால் 81,000 சேர்ந்துவிடும். படிக்கும் 48 மாதங்களிலும் அதே தொகையை ஒதுக்கினால் இன்னும் 2,16,000. ஆக 2,97,000. குறைவது 1,03,000 ராண்ட். வருடா வருடம் கட்டணம் ஏறுவதையும் சேர்த்து ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உண்மையான பிரச்சினையின் அளவு அவ்வளவுதான். அதற்காக 8,50,000 ராண்டைத் தொட வேண்டியதில்லை.

அந்த ஒன்றரை லட்சத்துக்கு வழி பார்ப்போம். உங்கள் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4,56,000 ராண்ட். அரசின் மாணவர் உதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் தரும் பர்சரிக்கு (உதவித்தொகைக்கு) வரம்பு 3,50,000, அதில் நீங்கள் வரமாட்டீர்கள். ஏழை என்றும் சொல்ல முடியாத, வசதி என்றும் சொல்ல முடியாத உங்களைப் போன்ற குடும்பங்களுக்காக 6,00,000 வரை வருமானம் உள்ளவர்களுக்கு 2024இல் ஒரு கடன் திட்டம் தொடங்கினார்கள். விண்ணப்பியுங்கள், ஆனால் கிடைத்தாகிவிட்டது என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். மாகாண சுகாதாரத் துறையின் பர்சரி, கிளிக்ஸ் போன்ற பெரிய மருந்துக்கடை நிறுவனங்களின் பர்சரி இவையெல்லாம் ஃபார்மசி மாணவர்களுக்கென்றே இருப்பவை. பணம் தந்த வருடங்களுக்கு ஈடாக அங்கே வேலை செய்ய வேண்டியிருக்கும். அதை ஒரு சுமையாக நினைக்காதீர்கள், படிப்பு முடிந்ததும் வேலை தேடி அலையாமல் இருப்பதே பெரிய விஷயம். எத்தனை வருடம், எந்த ஊர், நடுவில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன் நிதானமாகப் படியுங்கள்.

அப்படியும் குறைந்தால், வங்கியின் மாணவர் கடன். நீங்கள் ஜாமீன் நிற்க வேண்டும், படிக்கும் காலத்தில் வட்டியை நீங்கள் கட்ட வேண்டும், அசலை அவள் வேலைக்குப் போன பிறகு கட்டலாம். இன்டர்ன், கம்யூனிட்டி சர்வீஸ் காலத்துக்கும் அவகாசம் தருவீர்களா என்று வங்கியில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பாண்ட், கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப எடுக்க விடும் ஆக்சஸ் பாண்டாக இருந்தால் இன்னொரு நல்ல வழி உண்டு. மாதம் 4,500ஐ அதிலேயே கூடுதலாகக் கட்டி வைத்து, கட்டணம் கேட்கும்போது திரும்ப எடுப்பது. சேமிப்புக் கணக்கு தரும் வட்டியை விட பாண்டில் மிச்சமாகும் வட்டி அதிகம், அந்த மிச்சத்துக்கு வரியும் இல்லை. கூடுதல் கட்டணமில்லாமல் எடுக்க முடியுமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் வந்த டூ-பாட் முறையில் சேமிப்புப் பகுதியிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கலாம்தான். ஆனால் உங்கள் சம்பளத்துக்கு 26 சதவீத வரி போகும், 20,000 கேட்டால் 14,800தான் கைக்கு வரும். வேறு எதுவுமே இல்லை என்றால் மட்டும் அதைத் தொடுங்கள்.

இப்போதைக்கு முதல் செலவு எது என்று கேட்டால், கணக்கு டியூஷன் என்பேன். பல்கலைக்கழகங்கள் முதலில் பார்ப்பது 11ஆம் வகுப்பு இறுதி மதிப்பெண்ணைத்தான். அன்றாடக் கணக்கு மட்டும் சொல்லித்தரும் மேத்ஸ் லிட்டரசி செல்லாது, சுத்தமான கணிதம் வேண்டும், ஃபிசிக்கல் சயின்ஸும் வலுவாக இருக்க வேண்டும். இடமே கிடைக்காவிட்டால் நாம் போட்ட பணக் கணக்கு எதற்கும் பயனில்லை. அதோடு, ஒரு சனிக்கிழமை முழுவதும் தெரிந்த மருந்துக்கடையில் அவளை நிற்க வையுங்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் எட்டு மணி நேரம் நின்று, ஒரு பாட்டியிடம் சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும் என்று மூன்றாவது தடவையும் முகம் சுளிக்காமல் சொல்கிற வேலை அது. பிடித்திருந்தால் வீட்டுக்கு வந்ததுமே சொல்லிவிடுவாள். ஃபார்மசி அசிஸ்டென்ட், டெக்னீஷியன் படிப்புகளும் இந்தத் துறையில் உண்டு, இரண்டாவது விருப்பமாக அதையும் மனதில் வையுங்கள்.

சொந்தக் கடை வைக்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால், இப்போதே அதற்குக் கடன் கணக்குப் போடாதீர்கள். 2004 முதல் மருந்துக்கு நாடு முழுவதும் உற்பத்தியாளரிடமிருந்து ஒரே விலை, கடைக்காரர் வாங்கும் கட்டணத்துக்கும் சட்டப்படி உச்சவரம்பு. ஃபார்மசிஸ்ட் அல்லாதவர்களும் கடை நடத்தலாம் என்று 2003இல் ஆனபிறகு பெரிய நிறுவனங்களோடு போட்டி வேறு.

கடைசியாக என் வீட்டு அனுபவம் ஒன்று. அண்ணன் மகள் கம்யூனிட்டி சர்வீஸுக்கு வடக்கே ஒரு கிராமத்து மருத்துவமனைக்குப் போனாள். போன முதல் இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை. ஒரு ராத்திரி போன் பண்ணி, “அத்தை, ரொட்டியும் பீன்ஸ் டின்னும்தான் வாங்கி வச்சிருக்கேன், வாடகைக்கு என்ன பண்றதுன்னு தெரியல” என்றாள். நாலு வருடமும் நானே உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்த பிள்ளை. அந்த இரண்டு மாதத்தை மட்டும் நான் யோசிக்கவே இல்லை, இன்றைக்கும் மனது கேட்கவில்லை. அதனால் உங்கள் திட்டத்தில் ஆறாவது வருடத் தொடக்கத்துக்கு மூன்று மாத வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனியாக வையுங்கள். இன்டர்ன் இடத்துக்கும் நான்காம் வருடம் தொடங்கியதுமே அவள் தேட ஆரம்பிக்கட்டும்.

அடுத்த வருடம், நம் மாகாணப் பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பம் வாங்கும் சிஏஓவில் விண்ணப்பம் திறந்ததும் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். நாள் தாண்டினால் விண்ணப்பக் கட்டணமே கூடிவிடும்.