மேன்டிஸ் ஷ்ரிம்புக்கு நாம பாக்காத கலரெல்லாம் தெரியுமா?

கேள்வி இதான்: நம்ம கண்ணுல கலர் பாக்குற செல் மூணு வகை, கடல்ல இருக்குற, பாக்க இறால் மாதிரியான மேன்டிஸ் ஷ்ரிம்புக்கு 12 வகை, அப்போ நாம கற்பனைகூட பண்ண முடியாத கலரெல்லாம் அதுக்குத் தெரியுமான்னு.

நானும் அப்படித்தாங்க நம்பிட்டு இருந்தேன், நாலு பேர்கிட்ட அடிச்சும் விட்டிருக்கேன். 2014-ல சயின்ஸ் பத்திரிகைல வந்த ஆய்வு அதுல மண்ண அள்ளிப் போட்டுச்சு. இந்தக் கலர்கிட்ட போனா தீனின்னு ஒரு மேன்டிஸ் ஷ்ரிம்ப் இனத்துக்கு பழக்கிட்டு, பக்கத்துலயே இன்னொரு கலர வச்சு அத கொஞ்சம் கொஞ்சமா முதல் கலர் மாதிரியே மாத்திட்டு வந்தாங்க, அலைநீள வித்தியாசம் 12-லேர்ந்து 25 நானோமீட்டருக்குள்ள வந்ததும் அதுக்கு எது எதுன்னே தெரியல. நாம அஞ்சு நானோமீட்டருக்கும் கம்மியான வித்தியாசத்தையே பிடிச்சிடுவோம். ஷேடு பாக்குறதுல அது நம்மள விட மோசம். ஒவ்வொரு கலரையும் மூளைல ஒப்பிட்டுப் பாத்துட்டு இருக்காம, கண்ணுலயே டக்குனு அடையாளம் புடிக்கத்தான் 12 வகைன்னு யூகிக்கிறாங்க. ஆனா புற ஊதா ஒளி அதுக்குத் தெரியும், ஒளி சுழன்டு வர்ற விதத்தக்கூட கண்டுபிடிக்கும், அதெல்லாம் நமக்கு சுத்தமா வராது, அந்த அளவுக்கு நீங்க கேட்டது சரிதான்.

என்னக் கேட்டா கண்ண விட கைதாங்க விஷயம். ஃப்ரெண்டு டேங்க்ல ஒரு பீகாக் மேன்டிஸ் ஷ்ரிம்ப் இருக்கு, பச்சை உடம்பு, ஆரஞ்சு கால். ஒரு நத்தைய போட்டான். பொந்துலேர்ந்து மெதுவா வந்து, ஒரு கண்ணு மேல ஒரு கண்ணு பக்கவாட்டுலன்னு தனித்தனியா உருட்டி, மீசையால தடவி, ஓட்ட திருப்பி வச்சுது. அப்புறம் டக்குனு ஒரு சத்தம், அடிச்சத நான் பாக்கவே இல்ல, ஓட்டுத் துண்டு மட்டும் கீழ கிடந்துச்சு. எப்படித் தெரியும், அந்த அடி வினாடிக்கு 23 மீட்டர் வேகம் வரைக்கும் போகுமே. வெறும் தசையால இவ்ளோ வேகம் வராது, நாண் ஏத்தின வில்லு மாதிரி கைல ஒரு சேணம் மாதிரி வளைஞ்ச ஓடு இருக்கு, தசை அத அழுத்தி வச்சு, கொக்கி விட்டதும் மொத்தமா பாயுது. அந்த வேகத்துல தண்ணில ஆவிக்குமிழி உருவாகி உடையும், அது ரெண்டாவது அடி, கை குறி தவறினாக்கூட சின்ன இரை சுருண்டுடும்.

பேருதான் ஷ்ரிம்ப், இறால் கிடையாது, ஸ்டொமாட்டோபோடான்னு தனி வரிசை. முன்னங்கைய மடிச்சு வச்சிருக்கிறது அப்படியே கும்பிடுபூச்சி, அதான் பேருல மேன்டிஸ்.

அடிச்சு அடிச்சு கைல இருக்குற குண்டு மாதிரி பகுதி தேயும், சட்டை உரிக்கும்போது புதுசு வரும். உரிச்ச புதுசுல உடம்பு மெத்துனு இருக்குறதால வெளிய தலையே காட்டாது. ஃப்ரெண்டோடது போன வாரம் பொந்து வாசல கல்லு வச்சு அடைச்சிடுச்சு, செத்துப் போச்சோன்னு தோண்டப் போனான், நாந்தான் கையப் புடிச்சு இழுத்தேன்.