கிரீடமும் சேவையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் வசிக்கிறேன். உங்கள் தளத்தை நெடுநாளாக வாசித்துவந்தாலும் எழுதுவது இதுதான் முதல்முறை.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மிஸ் அமெரிக்கா அமைப்பின் கீழ் நடக்கும் உள்ளூர்ப் போட்டியில் இந்த வருடம் பட்டம் வாங்கினாள். அடுத்தது மாநிலப் போட்டி. நவம்பர் இறுதியில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்ததிலிருந்து அவளை வீட்டில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஒருநாள் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவ சேவை அமைப்பின் சிவப்பு உண்டியல் பக்கத்தில் நின்று மணி அடிக்கிறாள். இன்னொரு நாள் ஏழைக் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் பொம்மை கொடுக்கும் ‘டாய்ஸ் ஃபார் டாட்ஸ்’ அமைப்புக்கு வந்த பொம்மைகளை வயதுவாரியாகப் பிரித்து அடுக்குகிறாள். பிறகு ஏழைகளுக்கு இலவசமாக உணவு கொடுக்கும் ஃபுட் பேங்க், முதியோர் இல்லம். எங்கே போனாலும் தலையில் கிரீடம், தோளில் பட்டை. போன வாரம் முதியோர் இல்லத்தில் சக்கர நாற்காலியில் இருந்த ஒரு பாட்டி, “உன் கிரீடம் கோணலா இருக்கு, குனி” என்று சொல்லி அவரே சரிசெய்து விட்டாராம்.

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் என் நாத்தனார், “சேவை செய்யறதுக்கு எதுக்குக் கிரீடம்?” என்று கேட்டிருந்தார். என் கணவரின் அண்ணன், “வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது” என்று போட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. கிரீடம் வைத்துக்கொண்டு செய்வது சேவையா, விளம்பரமா? அழகிப் போட்டியே பெண்ணைப் பொருளாக்குவது என்கிறார்களே? இதனால் படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

ஒரு தேவாலயக் கூடத்தில் அவள் குழந்தைகளுக்குப் பொம்மை கொடுக்கும் படத்தை இணைத்திருக்கிறேன். அவள் இன்ஸ்டாகிராமில் போட்டது, நிறையப் பேர் பாராட்டினார்கள். உங்கள் தளத்திலும் வெளியிடலாம். என் பெயர் மட்டும் வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரி,

படத்தை வெளியிடவில்லை. உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு அந்தப் படமும் ஒரு காரணம். முதியோர் இல்லத்துப் பாட்டி இன்னொரு காரணம். இரண்டும் ஒரே கடிதத்தில் வந்து சேர்ந்தது எனக்கு ஆச்சரியம். கொஞ்ச நாளாக நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைப் பற்றித்தான்.

முதலில் உறவினர்களை அனுப்பிவிடலாம். வலது கை, இடது கை வாக்கியத்தை மேற்கோள் காட்டுகிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறேன். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதை அதிகம் சொல்கிறார்கள். உங்கள் மகள் டிசம்பர் குளிரில் கடை வாசலில் நின்று மணி அடிக்கிறாள். உங்கள் கணவரின் அண்ணன் அந்த நேரத்தில் ஃபோனில் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். இதற்காகவா நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்?

படிப்பு. 1966 நவம்பரில் லண்டனில் உலக அழகிப் பட்டம் வாங்கிய ரீட்டா ஃபாரியா பம்பாயில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். ஒரு வருடம் பட்டத்துக்கான வேலைகளைச் செய்தார், பிறகு படிப்புக்கே திரும்பி மருத்துவரானார். 2017இல் உலக அழகியான மானுஷி சில்லரும் மருத்துவ மாணவி, ஆனால் அவர் சினிமாவுக்குப் போனார். கிரீடம் யாரையும் எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை. உங்கள் மகளுக்கு எது வேண்டும் என்று அவளைக் கேளுங்கள்.

ரீட்டா ஃபாரியாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பட்டம் வாங்கிய அடுத்த மாதமே, கிறிஸ்துமஸ் சமயத்தில், நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் குழுவோடு வியட்நாம் போய் அமெரிக்கப் படைவீரர்கள் முன்னால் மேடையேறினார். இந்தியாவில் அதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. வீட்டை விட்டு வெகுதொலைவில் பண்டிகையைக் கழிக்கும் பையன்களுக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி, அவ்வளவுதானே என்று ஒருவர் சொல்லலாம். அது ஒரு போர், அந்தப் போருக்கு அந்த மேடையும் உதவியது என்று இன்னொருவர் சொல்லலாம். நான் இரண்டாமவர் பக்கம். பண்டிகைக் காலத்தில் கிரீடம் வைத்த பெண்ணை அழைக்க ஆயிரம் பேர் வருவார்கள். யார் அழைக்கிறார்கள், எதற்கு என்று அவள் ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அழகிப் போட்டி தேவையா என்ற விவாதத்துக்குள் இன்று நான் போகப்போவதில்லை. 1921இல் கோடை முடிந்த பிறகும் சுற்றுலாப் பயணிகளை அட்லாண்டிக் சிட்டியில் பிடித்து வைக்க அந்த ஊர் வியாபாரிகள் கண்டுபிடித்த உத்திதான் மிஸ் அமெரிக்கா. 1968இல் அதே ஊரின் கடலோர நடைபாதையில் பெண்கள் திரண்டு அதை எதிர்த்தார்கள். நீச்சலுடைச் சுற்றைக் கைவிட 2018 வரை ஆனது. இதெல்லாம் உங்கள் நாத்தனாருக்கும் கூகுளில் கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் கிரீடத்தை வைத்துக்கொண்டு உருப்படியாக ஒன்று செய்யமுடியும் என்று அந்த அமைப்புக்குக் காட்டியவர்கள் அதைச் சூடிய பெண்கள்தான்.

1945இல் மிஸ் அமெரிக்கா பட்டம் வாங்கிய பெஸ் மையர்சன் யூதப் பெண். பெயரை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்தார். பட்டம் வாங்கிய பிறகு அவரை விளம்பரத்துக்குக் கூப்பிடவேண்டிய நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டன. சரி என்று பள்ளிக்கூடங்களுக்குப் போய் இனவெறுப்புக்கு எதிராகப் பேச ஆரம்பித்தார். கே லானி ரே ராஃப்கோ மிச்சிகனைச் சேர்ந்த செவிலி. 1988ஆம் ஆண்டின் மிஸ் அமெரிக்காவாக ஊர் ஊராகப் போனபோது, சாகக் கிடப்பவர்களைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் இல்லங்களைப் பற்றிப் பேசினார். அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த பிறகுதான் ஒவ்வொரு போட்டியாளரும் ஒரு சமூகப் பணியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி வந்தது. உங்கள் மகள் இன்று செய்வதன் வேர் அங்கே இருக்கிறது.

இனி அந்தப் பாட்டி.

ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். சகோதரி, உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே பெரிய விஷயம் அதுதான். முதியோர் இல்லத்தில் ஒருவர் நாள் முழுக்க என்ன செய்கிறார்? பிறர் தனக்குச் செய்வதற்கு உடன்படுகிறார். ஒருவர் ஊட்டுகிறார், ஒருவர் குளிப்பாட்டுகிறார், ஒருவர் மாத்திரை கொடுத்துவிட்டு விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். பண்டிகை வந்தால் வெளியாட்களும் வந்து பார்க்கிறார்கள். எல்லார் கண்ணும் அவர் மேலேயே. “ஐயோ பாவம்” என்று யாரும் வாயால் சொல்வதில்லை, அது கண்ணில் இருக்கிறது, அவருக்கும் அது தெரியும்.

அங்கே பளபளவென்று கிரீடம் வைத்த ஒரு பெண் வருகிறாள். இப்போது பார்க்கப்படுவது அவள். பாட்டி ஏற இறங்கப் பார்க்கலாம். உடுப்பு நன்றாக இல்லை என்று நினைக்கலாம், இது நிஜக் கல்லா என்று கேட்கலாம், என் காலத்தில் நானும் இப்படித்தான் இருந்தேன் என்று பெருமையடிக்கலாம். குனி என்று அதட்டி, நடுங்கும் விரல்களால் கிரீடத்தின் சீப்பை முடியில் சரியாகச் செருகி, தள்ளி வைத்துப் பார்த்து, ‘ம், இப்போது சரி’ என்று சொல்லலாம். கடைசியாக யாருக்காவது அவர் ஏதாவது செய்துவிட்டு எத்தனை காலம் ஆகியிருக்கும்? உங்கள் மகள் எளிய உடையில் அடக்கமாகப் போயிருந்தால் இது நடந்திருக்காது. வந்தவர்களில் இன்னொரு நல்ல பெண்ணாக இருந்திருப்பாள். அன்று பாட்டிக்கு ஒரு வேலை இருந்தது, அதைக் கொடுத்தது அந்தக் கோணல் கிரீடம்.

ஆகவே கிரீடம் இருக்கட்டும். அதை எடுத்துவிட்டுப் போ என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் ஃபோனைத் தூக்கிக் குழந்தையின் பக்கம் திருப்பிய கணத்தில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் மகள் கேமராவைப் பார்க்கிறாள், அழகான சிரிப்பு. முன்னால் நிற்கும் சிறுவன் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறான். அவன் பெட்டியையும் பார்க்கவில்லை, உங்கள் மகளையும் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே பக்கவாட்டில் யாரையோ பார்க்கிறான். அவன் அம்மா அங்கே நின்றிருக்கலாம். “சிரி” என்று யாரோ சொல்லியிருக்கலாம்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நான் விடுதியில் தங்கிப் படித்தவன். ஒரு பண்டிகைக்கு முன்னால் ஒரு பெரிய மனிதர் எங்களுக்குப் புதுச்சட்டை கொடுக்க வந்தார். வரிசையாக நிற்கவைத்தார்கள். என் முறை வந்தது, வாங்கினேன், விளக்கு மின்னியது, எனக்குப் பின்னால் நின்றவன் கண்ணை மூடிவிட்டான். புகைப்படக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். மறுபடி வாங்கச் சொன்னார்கள். வாங்கினேன். “சட்டையை நெஞ்சுக்கு நேரா பிடி, ஐயாவைப் பார்த்துச் சிரி.” சிரித்தேன். நல்ல சட்டைதான், இளநீலக் கட்டம், இரண்டு வருடம் உழைத்தது. அந்தப் படம் பத்திரிகையில் வந்தது. வெட்டி விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அடுத்த முறை என்னைப் பார்க்க வந்த அம்மா அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். “சட்டை அளவா இருக்கா?” என்று மட்டும் கேட்டார். படத்தைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. கொடுத்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் கெட்டவரும் இல்லை. ஆனால் எந்தப் பையனையும் அப்படி நிற்கவைக்கக் கூடாது என்று இந்த வயதிலும் என் உடம்பு சொல்கிறது.

அந்தச் சிறுவனுக்கு இன்ஸ்டாகிராமில் எத்தனை வருடம் அப்படியே நிற்கவேண்டியிருக்கும்? அறிவிப்புப் பலகையைப் பார்த்தவர்கள் விடுதிக்கு வந்தவர்கள் மட்டும்தான். இதை அவனுடைய வகுப்பே பார்க்கும். அவனுக்குப் பத்து வயது ஆகும்போதும் இருக்கும், பதினைந்திலும் இருக்கும். பாராட்டியவர்களில் ஒருவராவது அவன் முகத்தைப் பார்த்தார்களா? நீங்கள் பார்த்தீர்களா? ஒரு தாய் நீங்கள். ஊர் பேர் தெரியாத பிள்ளையின் இல்லாமையைக் கடல் தாண்டி எனக்கு அனுப்பி, வெளியிடலாம் என்று அனுமதியும் கொடுக்கிறீர்கள். உங்கள் பெயர் மட்டும் வேண்டாம் என்கிறீர்கள். அவனுக்கும் அது வேண்டாம் என்று இருக்காதா?

வேதனை என்னவென்றால், உங்கள் மகள் வேலை செய்யும் இரண்டு இடங்களும் இதை வெகுகாலமாகப் புரிந்து வைத்திருக்கின்றன. சிவப்பு உண்டியலின் கதையைப் பாருங்கள். 1891இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜோசப் மெக்ஃபீ என்ற சால்வேஷன் ஆர்மி அதிகாரி, ஆயிரம் ஏழைகளுக்குக் கிறிஸ்துமஸ் விருந்து போட ஆசைப்பட்டார், கையில் பணமில்லை. படகுத்துறையில் ஒரு பானையை வைத்தார், போகிறவர் வருகிறவர் காசு போட்டார்கள். போட்டவர் யாரும் சாப்பிட்டவரின் முகத்தைப் பார்க்கவில்லை, அப்படிக் கேட்கவும் இல்லை. 1947இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய டாய்ஸ் ஃபார் டாட்ஸ் இன்னும் நுட்பமானது. பில் ஹெண்ட்ரிக்ஸ் என்ற அமெரிக்க மரீன் ரிசர்வ் படை மேஜரின் மனைவி ஒரு பொம்மை தைத்து, இதை ஏழைக் குழந்தைக்குச் சேர்ப்பிக்கும் அமைப்பிடம் கொடுங்கள் என்றார். அப்படி ஒரு அமைப்பு இல்லை என்று ஹெண்ட்ரிக்ஸ் திரும்பி வந்தபோது, அப்படியானால் நீங்களே தொடங்குங்கள் என்றார் மனைவி. அந்த வருடமே 5,000 பொம்மைகள் சேர்ந்தன. இன்றும் அங்கே வண்ணக்காகிதம் சுற்றாத புதுப்பொம்மையைத்தான் கேட்கிறார்கள். உங்கள் மகளே அப்படித்தானே அடுக்கினாள்? பல ஊர்களில் பெற்றோர் வந்து வாங்கிக்கொண்டு போய், இரவில் தாங்களே காகிதம் சுற்றி மரத்தடியில் வைக்கிறார்கள். காலையில் பிள்ளைக்கு அது தன் வீட்டில் கிடைத்த பரிசு. அப்பா அம்மாவிடம் பரிசு வாங்கக் காசில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. இவ்வளவு அக்கறையோடு கட்டிய ஒன்றை ஒரு தேவாலயக் கூடமும் ஒரு ஃபோனும் கலைத்துவிடுகின்றன.

மாநிலப் போட்டிக்கு அவள் செய்த சேவையைக் காட்டவேண்டும், அதற்குப் படம் வேண்டும் என்பீர்கள். எடுங்கள். அவள் மணி அடிப்பதை எடுங்கள், பெட்டிகளுக்கு நடுவே வியர்த்துப்போய் நிற்பதை எடுங்கள், ஃபுட் பேங்கில் டப்பாக்களின் தேதி பார்ப்பதை எடுங்கள். அவள் கிரீடம் வைத்தவள், பார்க்கப்படுவதற்குச் சம்மதித்து வந்தவள். வரிசையில் நிற்பவர்கள் அப்படி வரவில்லை. முதியோர் இல்லத்திலும் இதேதான். நினைவு தவறிப்போன ஒருவர் தலையசைப்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னும் ஒன்று. பட்டம் ஒரு வருடத்துக்கு. நவம்பரிலும் டிசம்பரிலும் ஃபுட் பேங்கில் கூட்டம் அலைமோதும், ஜனவரியில் ஆள் தேடுவார்கள். கோடை விடுமுறையில் பள்ளி மதிய உணவு நின்றுபோய், அதையே நம்பியிருந்த பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். அப்போதும் அவளிடம் கிரீடம் இருக்கும். பொம்மை சேகரிப்பில் கைக்குழந்தைகளுக்கும் ஐந்து வயதுக்காரர்களுக்கும் குவியும், பதினான்கு வயதுக்காரர்களுக்கு எதுவும் மிஞ்சாது. அந்த வயதுக்கு என்ன வேண்டும் என்று உங்களையும் என்னையும்விட உங்கள் மகளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த வருடம் அதை அவள் எடுத்துச் செய்யட்டும்.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுங்கள். அவள் சின்னப்பெண், நல்ல பெண், அந்தச் சிறுவனின் முகத்தைக் காட்டினால் அவளே புரிந்துகொள்வாள் என்று நம்புகிறேன். படத்தை இன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள். மாநிலப் போட்டியில் நடுவர்கள் தனியாக நேர்காணல் செய்வார்கள் அல்லவா, அங்கே பாட்டி கிரீடத்தைச் சரிசெய்ததைச் சொல்லட்டும். அவர் பெயரும் வேண்டாம், இல்லத்தின் பெயரும் வேண்டாம். படம் எங்கே என்று கேட்டால், எடுக்கவில்லை என்று சொல்லட்டும்.

அன்புடன்.