பருவம் அல்லாத மாதங்களில் கறவை ஆட்டைச் சினைப்படுத்துவது: கேள்வி பதில்

கேள்வி: என் சானென் ஆடுகள் இலையுதிர் காலத்தில் மட்டுமே கிடா தேடுகின்றன. எல்லாம் ஒன்றாகவே பால் வற்றிவிடுகின்றன. சிலவற்றை ஏப்ரல் கடைசியில் சேர்க்க முடியுமா?

பதில்: முடியும். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள் என்பதால் செப்டம்பர் கடைசியில் ஈனும். சானென், ஆல்பைன், டோகன்பர்க் எல்லாமே பகல் குறையும்போது பருவத்துக்கு வருபவை. மந்தை முழுவதையும் மாற்றாதீர்கள், ஒரு பகுதி போதும்.

கேள்வி: விளக்கு வைத்தே செய்யலாம் என்கிறார்களே, எத்தனை மணி நேரம்?

பதில்: சூரிய வெளிச்சத்தையும் சேர்த்து நாளுக்கு 16 முதல் 20 மணி நேரம், மொத்தம் 60 நாள். வட அரைக்கோளத்தில் ஜனவரி, பிப்ரவரி சரியான மாதங்கள். வெளிச்சம் ஆட்டின் கண் மட்டத்தில் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். தீவனத் தொட்டிக்கு மேல் மட்டும் அளந்து பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஆடு படுத்து அசைபோடும் மூலைக்குப் போய், அதன் தலை உயரத்தில் வெளிச்சமானியைப் பிடியுங்கள். குறைவது அங்கேதான்.

இதில் பலரும் செய்யும் தவறு, இன்னும் பருவம் வரவில்லையே என்று விளக்கை நீட்டிப்பது. ஆட்டைத் தூண்டுவது வெளிச்சம் அல்ல, நீண்ட பகலுக்குப் பின் வரும் குறுகிய பகல். இருட்டில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனை வைத்துத்தான் உடல் அதை உணர்கிறது. 60ஆம் நாள் விளக்கை நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு இரவில் கொட்டகை இருட்டாகவே இருக்கட்டும். விளக்கை நிறுத்தி ஆறு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

கேள்வி: கிடாவுக்கும் இது தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. விந்தணு உருவாகவே ஏழு வாரம் ஆகும். வெளிச்சம் காட்டாத கிடா வசந்தத்தில் மொச்சை வாடை இல்லாமல், பெட்டையை முகர்ந்துகூடப் பார்க்காமல் நிற்கும். கிடாவுக்கும் அதே 60 நாள், ஆனால் தனிக் கொட்டகையில். பெட்டைகளுக்கு அதன் வாடையோ சத்தமோ எட்டக் கூடாது. விளக்கை நிறுத்தி ஆறேழு வாரம் கழித்துத் திடீரென உள்ளே விடுங்கள். முதல் சில நாளில் வரும் பருவம் பெரும்பாலும் நிற்காது, ஐந்தாறு நாளில் கலைந்து மறுபடி வரும். அந்த இரண்டாவது பருவத்தில்தான் சினை பிடிக்கும். ஆகவே ஒரு வாரத்தில் கிடாவை வெளியே எடுத்துவிடாதீர்கள். பத்துப் பெட்டைக்கு ஒரு கிடா வீதம் விடுங்கள்.

கேள்வி: ப்ரோஸ்டாகிளாண்டின் ஊசி மட்டும் போட்டால் போதாதா?

பதில்: போதாது. அந்த ஊசி கரைப்பது சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற திசுவை. பருவமற்ற மாதங்களில் அது இருக்கவே இருக்காது. ஹார்மோன் வழிதான் என்றால் கால்நடை மருத்துவர் மூலம் 45 மி.கி. ஃப்ளூஜெஸ்டோன் (புரோஜெஸ்டிரோன் போன்ற ஹார்மோன்) உள்ள ஸ்பாஞ்சைப் பிறப்புறுப்பின் உள்ளே 11 நாள் வைக்க வேண்டும். எடுப்பதற்கு 48 மணி நேரம் முன்பு ஈசிஜியும் (eCG, சினைக் குதிரையிலிருந்து எடுக்கும் ஹார்மோன்) 50 மைக்ரோகிராம் க்ளோப்ரோஸ்டினாலும் (ப்ரோஸ்டாகிளாண்டின் வகை மருந்து) ஊசியாகப் போடுவார்கள். இதற்கு முன் ஸ்கேன் அவசியம். ஆடு ஏற்கெனவே சினையாக இருந்தால் ஊசியால் கலைந்துவிடும். கர்ப்பப்பையில் நீர் கோத்த பொய்ச்சினையும் அதில் தெரிந்துவிடும். ஒரே ஆட்டுக்கு ஆண்டுதோறும் ஈசிஜி போட்டால் எதிர்ப்புப் பொருள் உருவாகிப் பருவம் தள்ளிப்போகும், சினையும் குறையும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் க்ளோப்ரோஸ்டினாலைக் கையில் தொடவே கூடாது.

கேள்வி: சேர்த்து 21 நாள் ஆகிறது, மறுபடி பருவம் வரவில்லை. சினைதானே?

பதில்: இலையுதிர் காலமாக இருந்தால் நம்பலாம். இப்போது நம்ப முடியாது. சினை பிடிக்காத ஆடும் மீண்டும் பருவமற்ற நிலைக்கே திரும்பி அமைதியாக இருக்கும். 35ஆம் நாள் ஸ்கேன் பார்த்துவிடுங்கள்.