20க்கு 4 வாங்கிய மகளை நிறுத்திவிடலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஏழாம் வகுப்பு மகளைப் பள்ளியின் கணிதப் போட்டி அணியில் சேர்த்திருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி மதுரைக்குக் கூட்டி வருகிறீர்கள். முதல் பயிற்சித் தேர்வில் 20க்கு 4. வகுப்பில் 95க்குக் கீழே இறங்காத பிள்ளை, வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போது வேண்டாம்.

பள்ளித் தேர்வில் வருவது ஏற்கெனவே போட்டுப் பழகிய கணக்கு. போட்டிக் கணக்கு அப்படி வராது. ஒன்று சொல்கிறேன். 64 கட்டங்கள் உள்ள சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். மீதி 62. ஒட்டியிருக்கும் இரண்டு கட்டத்தை மூடும் அட்டைகள் 31 இருந்தால் பலகை முழுவதையும் மூட முடியுமா? முடியும் போலத்தான் தோன்றும். பிள்ளைகள் அடுக்கி அடுக்கிப் பார்ப்பார்கள். எப்படி அடுக்கினாலும் இரண்டு கட்டமாவது மிஞ்சும். அரை மணி நேரம் கழித்து யாராவது ஒரு பிள்ளை, "மிஞ்சுறது ரெண்டும் ஒரே நிறமா இருக்கே" என்று சொல்லும். அங்கேதான் பிடி கிடைக்கிறது. ஓர் அட்டை எங்கே வைத்தாலும் ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும்தான் மூடும். வெட்டிய மூலைகள் இரண்டும் ஒரே நிறம் என்பதால் ஒரு நிறம் 32, இன்னொன்று 30. ஆக, முடியவே முடியாது.

இதற்கு ஃபார்முலா கிடையாது. தேர்வறையில் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் எழுதுவார்கள். ஆனால் பயிற்சியில், பக்கத்தில் இருப்பவள் வாய்விட்டு யோசிப்பதைக் கேட்டுத்தான் இந்தப் பழக்கம் வரும். அணி என்று ஒன்று இருப்பதன் பலனே அதுதான். அதனால் முதல் வருடம் மார்க்கைப் பார்க்காதீர்கள். 2024இல் இங்கிலாந்தில் நடந்த சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் மொத்தம் 42 மதிப்பெண். 29 எடுத்தவர்களுக்கே தங்கம், 16க்கு வெண்கலம். உலகத்திலேயே கெட்டிக்காரப் பிள்ளைகளின் கணக்கு இது.

போகும் வழியையும் கேட்டிருந்தீர்கள். சென்னையில் உள்ள இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் நடத்தும் திறனறித் தேர்வை ஐந்தாம் வகுப்பிலிருந்தே எழுதலாம். எட்டாம் வகுப்பிலிருந்து ஐஓக்யூஎம், அதாவது இந்தியக் கணித ஒலிம்பியாட்டின் முதல் கட்டத் தேர்வு: 3 மணி நேரம், 30 கணக்கு, எல்லா விடையும் 0 முதல் 99க்குள் ஒரு முழு எண். அதில் தேறினால் மண்டலத் தேர்வு, பிறகு தேசியத் தேர்வு, பிறகு பயிற்சி முகாம். கடைசியில் சர்வதேச ஒலிம்பியாட்டுக்குப் போவது நாட்டுக்கே ஆறு பேர்தான். ஒலிம்பியாட் என்று பெயர் வைத்துக் கட்டணம் வாங்கி, எழுதியவர்களுக்கெல்லாம் மெடல் தரும் தனியார் தேர்வுகளை இதோடு சேர்க்காதீர்கள்.

காலேஜ் சீட்டுக்கு உதவுமா என்றால், நேராக உதவும் என்று சொல்லமாட்டேன். தமிழ்நாடு பொறியியல் கவுன்சிலிங்கில் ப்ளஸ் டூ கணக்கு 100க்கும், இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100க்கும்தான் கட்-ஆஃப். அணியில் இருந்தது அதில் அரை மார்க்கைக்கூட ஏற்றாது. ஆனால் தெரியாத கணக்கைப் பார்த்ததும் பேனாவை வைத்துவிடாத பிள்ளைக்கு ஜேஇஇ வினாத்தாள் அவ்வளவு பயம் காட்டாது. இதை நான் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன்.

முழு ஆண்டுத் தேர்வு வரை விட்டுப் பாருங்கள். வீட்டில் சும்மா இருக்கும்போது தானாக ரஃப் நோட்டை எடுத்தால் நல்லது. வெள்ளிக்கிழமை ராத்திரியே வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டால், அதற்குமேல் வற்புறுத்தாதீர்கள், நிறுத்திவிடுங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை.

அப்புறம், வகுப்பு வாசலில் "எத்தனை மார்க்?" என்று கேட்பதை மட்டும் விட்டுவிடுங்கள். "இன்னைக்கு எந்தக் கணக்கு உன்னைப் பாடாய்ப் படுத்துச்சு?" என்று கேளுங்கள். பத்தாவதுதான் படித்திருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதுவே நல்லது, அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சதுரங்கக் கணக்கை இருவரும் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். விடையை நீங்கள் முதலில் சொல்லிவிடாதீர்கள். 31 அட்டை வெட்டுவதற்குப் பழைய காலண்டர் அட்டை போதும்.