சாவி யாரிடம் இருக்கிறது? குறிப்புச் செயலிகள் பற்றிய வாசகர் கேள்விகள்

கைபேசிக் குறிப்புச் செயலிகளைப் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பலர் ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்பியிருப்பதால், முதல் பதில் சற்று நீண்டுவிட்டது.

கேள்வி: நாட்குறிப்பு, மருத்துவர் சொன்னவை, வீட்டுக் கணக்கு என எல்லாவற்றையும் நான்கு ஆண்டுகளாக ஒரு குறிப்புச் செயலியில்தான் எழுதி வருகிறேன். "உங்கள் குறிப்புகள் 256 பிட் மறையாக்கத்தால் பாதுகாக்கப்படுகின்றன" என்று அதன் அறிமுகப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அந்த நிறுவனத்தில் வேலை செய்பவர்களால் என் நாட்குறிப்பைப் படிக்க முடியாது என்றுதானே பொருள்?

பதில்: அந்த வாக்கியம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் கேட்பதற்கு அது பதில் ஆகாது. மறையாக்கம் என்பது எழுத்தைச் சாவி இல்லாதவர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றிப் பூட்டுவது; 256 பிட் என்பது அந்தப் பூட்டின் வலிமையை மட்டுமே சொல்கிறது. ஏஇஎஸ் என்னும் மறையாக்க முறை 2001ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தரமாக ஏற்கப்பட்டது. இன்று பெரும்பாலான செயலிகளில் இருப்பது அதுதான். அதன் 256 பிட் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பது இன்றைய எந்தக் கணினியாலும் ஆகாத காரியம். ஆகவே பூட்டைப் பற்றிய கவலை வேண்டாம். சாவி யார் கையில் இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நீங்கள் எழுதும் ஒரு வரி எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். கைபேசியிலிருந்து நிறுவனத்தின் சர்வருக்குப் போகும் வழியில் அது மறையாக்கப்பட்டே போகிறது. அதனால் இடையில் உள்ள வைஃபை இணைப்பை வைத்திருப்பவரால் அதைப் படிக்க முடியாது. சர்வரின் வட்டில் எழுதப்படும்போதும் மறையாக்கப்படுகிறது. அந்த வட்டைக் கழற்றிக்கொண்டு போகும் திருடனுக்கு ஒன்றும் கிடைக்காது. இவை இரண்டும் மெய்யான பாதுகாப்புகள்தாம். ஆனால் இரண்டிலும் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. உங்கள் குறிப்புகளில் ஒரு சொல்லைத் தேடித் தருவதற்கும், கணினி உலாவியில் காட்டுவதற்கும் நிறுவனத்தின் மென்பொருள் அவற்றைத் திறந்தாக வேண்டும். அது திறக்குமானால், உரிய அனுமதி பெற்ற ஊழியரும், அந்த ஊழியரின் கணக்கைத் திருடியவரும், நீதிமன்ற ஆணையோடு வருபவரும் திறந்து பார்க்க வழி இருக்கிறது.

மூன்றாவது வகை, முனைக்கு முனை மறையாக்கம். இதில் சாவி உங்கள் கருவியிலேயே, பெரும்பாலும் உங்கள் கடவுச்சொல்லிலிருந்து உருவாகிறது; சர்வருக்குப் போய்ச் சேர்வது பொருளற்ற எழுத்துக் குவியல் மட்டுமே. கூகுள் கீப், நோஷன் ஆகிய குறிப்புச் செயலிகள் முதல் இரண்டு பாதுகாப்புகளோடு நிற்கின்றன. ஆப்பிளின் நோட்ஸ் செயலியில் சாதாரணக் குறிப்புகளின் நிலையும் அதுவே. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய குறிப்புகளுக்கும், 2022 டிசம்பரில் வந்த மேம்பட்ட தரவுப் பாதுகாப்பு வசதியை இயக்கியவர்களின் எல்லாக் குறிப்புகளுக்கும் மூன்றாவது வகை கிடைக்கிறது. ஸ்டாண்டர்ட் நோட்ஸ் தொடக்கம் முதலே இந்த வகை. ஜாப்ளின் செயலியில் வசதி உண்டு, ஆனால் அதை நீங்களே இயக்க வேண்டும். இருக்கிறது என்று படித்ததோடு நிம்மதியடைந்து, அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்காமலே விட்டுவிடுவது எளிதாக நடக்கிறது.

குறிப்புச் செயலி நடத்தும் எவர்நோட் நிறுவனம் 2016 டிசம்பரில் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்தது. இயந்திரக் கற்றலை மேம்படுத்துவதற்காக ஊழியர்கள் சிலர் பயனர்களின் குறிப்புகளைப் பார்க்க நேரலாம் என்று அதில் இருந்தது. எதிர்ப்புக் கிளம்பவே, சில நாள்களில் அதைக் கைவிட்டு, சம்மதம் தருவோரின் குறிப்புகள் மட்டுமே பார்க்கப்படும் என்றது. கொள்கை நடைமுறைக்கு வரவில்லை. ஆனாலும் நினைத்தால் படிக்க முடியும் என்பதை அந்த அறிவிப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.

உங்கள் செயலி எந்த வகை என்று அறிய, "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்ற இணைப்பை நினைத்துப் பாருங்கள். மின்னஞ்சலுக்கு வரும் இணைப்பை மட்டும் அழுத்திப் புதிய கடவுச்சொல் வைத்து, ஒரு புதிய கைபேசியில் நுழைந்ததும் நான்கு ஆண்டு நாட்குறிப்பும் அப்படியே வந்து நின்றால், சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. மாறாக, மீட்புச் சாவியோ பழைய கருவியின் பூட்டு எண்ணோ இல்லாமல் குறிப்புகள் திரும்ப வராது என்று எச்சரித்தால், சாவி உங்களிடம் இருக்கிறது. இப்படிச் சாவி உங்களிடமே இருக்கும் வகையில் கடவுச்சொல்லைத் தொலைத்தால் குறிப்புகளும் போய்விடும். இதை ஒரு குறையென்று சிலர் எழுதியிருந்தார்கள். எனக்கு அது அந்த முறை சொன்னபடி வேலை செய்கிறது என்பதற்கான அடையாளமாகவே படுகிறது.

கேள்வி: செயலிக்கு விரல்ரேகைப் பூட்டுப் போட்டிருக்கிறேன். அது போதாதா?

பதில்: உங்கள் கைபேசியை வாங்கிப் பார்க்கும் உறவினருக்கு அது போதும். ஆனால் பல செயலிகளில் அந்தப் பூட்டு திரையை மறைப்பதோடு சரி; உள்ளே இருக்கும் எழுத்து முன்பிருந்தபடியே இருக்கிறது. அதே கணக்கில் கணினி உலாவி வழியாக நுழைந்து, பூட்டிய குறிப்பைத் திறந்து பாருங்கள். எதையும் கேட்காமல் திறந்துகொண்டால், அது வாசலில் தொங்கும் திரைச்சீலை மட்டுமே.

உண்மையான பூட்டிலும் ஒரு சிறு ஓட்டை உண்டு. ஆப்பிள் நோட்ஸில் குறிப்பைப் பூட்டிய பிறகும் அதன் தலைப்பு பட்டியலில் தெரிந்துகொண்டுதான் இருக்கும். நீங்கள் எழுதும் முதல் வரியே தலைப்பு ஆகிவிடுகிறது. "அட்டை ரகசிய எண்" என்று எழுதி அதன் பக்கத்திலேயே எண்ணையும் எழுதினால், பூட்டுக்கு வெளியே எண் நிற்கும். முதல் வரியில் பொதுவான ஒரு சொல்லை எழுதிவிட்டு, விஷயத்தை அடுத்த வரியில் தொடங்குங்கள். முகப்புத் திரையில் வைத்திருக்கும் விட்ஜெட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பூட்டாத குறிப்புகளை அது திரையிலேயே விரித்துவைத்திருக்கும்.

கேள்வி: ஒரு குறிப்பை அழித்துவிட்டால் உடனே அது எல்லா இடத்திலிருந்தும் போய்விடுமா?

பதில்: போகாது. முதலில் அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது. கூகுள் கீப்பில் 7 நாள்களும், ஆப்பிள் நோட்ஸில் 30 நாள்களும், சில வேளைகளில் 40 நாள்கள் வரையும் அங்கே கிடக்கும். தொட்டியைக் காலி செய்த பிறகும், நிறுவனத்தின் பேக்கப் பிரதிகளில் அது சிறிது காலம் இருப்பது வழக்கம். எவ்வளவு காலம் என்பது தனியுரிமைக் கொள்கையில் "தக்கவைத்தல்" என்ற பகுதியில் இருக்கும். இணையத்தோடு இணைக்கப்படாமல் மேசை இழுப்பறையில் கிடக்கும் உங்கள் பழைய டேப்லெட்டிலும் அந்தக் குறிப்பு அழியாமல் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிகள், தம் தரவை அழிக்கக் கோரும் உரிமையையும், அதைக் கையோடு எடுத்துச்செல்லும் உரிமையையும் அங்குள்ள பயனருக்குத் தருகின்றன. அவற்றுக்காக உருவாக்கப்பட்ட ஏற்றுமதி, கணக்கு நீக்கம் ஆகிய பொத்தான்களைப் பல செயலிகள் எல்லா நாட்டவருக்கும் திறந்து வைத்திருக்கின்றன.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு கொண்டு குறிப்புகளைச் சுருக்கித் தரும் வசதி என் செயலியில் புதிதாக வந்திருக்கிறது. பயன்படுத்தலாமா?

பதில்: சுருக்க வேண்டுமென்றால் படித்தாக வேண்டும். அந்த வேலை உங்கள் கைபேசிக்குள்ளேயே நடந்தால் எழுத்து வெளியே போகாது. சர்வரில் நடந்தால், முனைக்கு முனை மறையாக்கம் உள்ள செயலியிலும்கூட அந்தக் குறிப்பு மட்டும் திறந்த வடிவில் வெளியே போகிறது. அது பெரும்பாலும் செயலியை உருவாக்கியவரைத் தாண்டி மூன்றாவது நிறுவனம் ஒன்றின் சர்வருக்கும் போகிறது. அங்கே எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க அதைப் பயன்படுத்துகிறார்களா என்ற இரண்டையும் கொள்கையில் தேடிப் படியுங்கள். கூட்டக் குறிப்புகளுக்கு நான் தயங்க மாட்டேன். மருத்துவர் சொன்னவற்றுக்குத் தயங்குவேன்.

கேள்வி: எதற்கு இந்தத் தொல்லை என்று, இணையத்தில் சேமிக்காத ஒரு செயலிக்கு மாறிவிட்டேன். இனி நான் பாதுகாப்பாக இருக்கிறேன் அல்லவா?

பதில்: பிறர் படிப்பதிலிருந்து, ஆம், பெருமளவு. ஆப்சிடியன் போன்றவை குறிப்புகளை உங்கள் கருவியிலேயே எளிய கோப்புகளாக வைக்கின்றன. நிறுவனமே மூடப்பட்டாலும் அந்தக் கோப்புகளை வேறெந்த எழுதுமென்பொருளிலும் திறக்கலாம். செயலி கேட்கும் அனுமதிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குரல் பதிவு வசதி உள்ள செயலி ஒலிவாங்கியைக் கேட்பது நியாயம், தொடர்புப் பட்டியலைக் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டும். கூகுளின் செயலிக் கடையில் "தரவுப் பாதுகாப்பு" என்ற தலைப்பில் இருப்பது செயலியை உருவாக்கியவர் தாமே எழுதிக் கொடுத்தது என்பதையும் நினைவில் வைத்துப் படியுங்கள்.

இப்போது உங்களுக்குள்ள ஆபத்து திருட்டைவிட இழப்புதான். கைபேசி தண்ணீரில் விழுந்தால் குறிப்புகளும் அதோடு போகும். மாதம் ஒருமுறை ஏற்றுமதி செய்து, மறையாக்கப்பட்ட பென்டிரைவ் ஒன்றில் போட்டு வையுங்கள். முதல்முறை போட்டதும் அதை வேறொரு கணினியில் செருகி, ஏதேனும் ஒரு பழைய குறிப்பைத் திறந்து, தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடையாமல் வந்திருக்கின்றனவா, ஒட்டிய படங்கள் கூடவே வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சில செயலிகள் எழுத்தை மட்டும் தந்துவிட்டுப் படங்களை விட்டுவிடுகின்றன.