பதில்: நலங்கு மாவில் பூசண வாடை

குளிக்கும்போது தேய்க்கும் அந்த நலங்கு மாவைக் கொட்டிவிடுங்கள். ஒரு கிலோ மொத்தமாக அரைத்தது ஒரே மாதத்தில் கட்டிதட்டி வாடை வருகிறது, காயவைத்துச் சலித்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. வெயிலில் வைத்தாலும் பூஞ்சை முழுசாகப் போகாது. போட்ட காசு வீணாவது வருத்தம்தான், ஆனாலும் முகத்தில் தேய்க்க வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் ஈரம். பாசிப்பயறு நன்றாகக் காய்ந்திருக்கும். ரோஜா இதழும், வாசனைக்குச் சேர்க்கும் பூலாங்கிழங்கும்தான் ஏமாற்றும். இதழ் விரலில் நொறுங்க வேண்டும், கிழங்கு வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். இன்னொன்று, மில்லில் மாவு சூடாக வரும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் மூடி வியர்த்து மாவிலேயே சொட்டும். பேப்பரில் பரப்பி ஆறவிட்டு அடையுங்கள்.

அடுத்த முறை இப்படிப் பாருங்கள்: உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் இரண்டு ஸ்பூன் மாவு போட்டு இறுக மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். உள்பக்கம் பனித்தால் மாவு இன்னும் காய வேண்டும்.

செலவு குறைய வேண்டுமென்றால் பயறை மட்டும் மொத்தமாக வாங்குங்கள். கால் கிலோவை மிக்ஸியில் அரைத்தால் போதும், மீதி சுண்டலுக்கு ஆகும். குளியலறையில் ஒரு வாரத்துக்கான மாவு மட்டும் இருக்கட்டும்; ஈரக்கை படும் டப்பா சீக்கிரம் கெடும்.

கஸ்தூரி மஞ்சள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. புது மாவை முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். பழைய மாவால் ஏற்கெனவே அரிப்போ தடிப்போ இருந்தால், எந்த மாவும் போடாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.