பிள்ளைக்கு அடல்ட் பிளானா, சைல்டு பிளானா?

நம்ம சிங்கப்பூர்ல ஜூன் லீவு நெருங்க நெருங்க நம்ம கேள்விப் பெட்டியில பள்ளிக்கூட கேள்வி குறைஞ்சு பயணக் கேள்வி கூடிடும். இந்த வாட்டி வந்ததுல பாதிக்கு மேல ரிசார்ட் சாப்பாட்டு பிளானைப் (ரூமோட சேர்த்து முன்னாடியே காசு கட்டுற சாப்பாடு) பத்திதான், அதனால பக்கம் முழுக்க அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. ஜூன் லீவுக்கு மாலத்தீவுல 5 ராத்திரி தங்கலாம்னு பார்க்குறோம். மகனுக்கு 11 வயசு, பிரைமரி ஃபைவ். மகளுக்கு 6. ரிசார்ட்ல ஹாஃப் போர்டு (காலை, ராத்திரி சாப்பாடு), ஃபுல் போர்டு (மூணு வேளையும்), ஆல் இன்க்ளூசிவ் (குடிக்கிறதும் சேர்த்து)னு மூணு பிளான் இருக்கு, 12 வயசுக்குக் கீழன்னா சைல்டு ரேட்டாம். ஆனா என் மகன் இப்பவே என் வீட்டுக்காரரை விட கூட சாப்பிடுறான், அவனுக்கு அடல்ட் பிளான் எடுத்தாதான் வயிறு நிறையுமோன்னு பயமா இருக்கு. மகள் நாலு வாய் கொறிச்சிட்டு எழுந்திடுவா, அவளுக்குப் பிளானே எடுக்காம விட்டுடலாமா? – பொங்கோல் அம்மா

பதில்: வணக்கம்மா. உங்க மகன் எவ்வளவு சாப்பிடுவான்ங்கிறதை இப்போதைக்கு ஓரமா வச்சிட்டு, அந்த ரிசார்ட்ல சாப்பாடு எப்படிப் போடுறாங்கன்னு முதல்ல கேளுங்க. பஃபேயா, இல்ல மெனு பார்த்து ஆர்டர் பண்ற மாதிரியா, அது ஒண்ணு தெரிஞ்சா உங்க கேள்விக்கு முக்கால்வாசி பதில் கிடைச்சிடும். பஃபேன்னா யாரும் தட்டை எண்ணப் போறதில்ல, சைல்டு ரேட்டு கட்டின பிள்ளையும் அதே சாப்பாட்டைத்தான் எடுத்துக்கப் போகுது, மூணு தடவை எழுந்து போனாலும் கேட்க ஆள் இல்ல, அப்ப எதுக்கு அடல்ட் பிளான்? ஆனா மெனுன்னா கதையே வேற. சைல்டு பிளான் எடுத்த பிள்ளைக்கு கிட்ஸ் மெனுதான் தருவாங்க, அதுல எங்க போனாலும் நக்கெட்ஸ், ஃபிஷ் ஃபிங்கர், ஸ்பெகட்டி, ஃபிரெஞ்ச் ஃபிரைஸ், அதுவும் 5 வயசுப் பிள்ளைக்குப் போடுற அளவு.

இதை நான் அனுபவிச்சுதான் சொல்றேன். என் பெரியவனுக்கு 10 வயசா இருந்தப்ப ஒரு தீவு ரிசார்ட்டுக்குப் போனோம், ரேட்டு கம்மியா இருக்கேன்னு சைல்டு பிளான் எடுத்துட்டேன், மத்த எதையும் விசாரிக்கல. பஃபேன்னு போட்டிருந்தாங்க, ஆனா நாங்க போன வாரம் ஆள் கம்மின்னு ராத்திரி சாப்பாட்டை மெனுவுக்கு மாத்திட்டாங்க. முதல் நாள் ராத்திரி அவனுக்கு வந்தது ஆறு நக்கெட், கொஞ்சம் கேரட். அதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தான் பாருங்க, அந்த முகம் இன்னும் மறக்கல. அப்புறம் தினமும் அவனுக்கு தனியா ஒரு நாசி கோரெங் சொல்லிச் சொல்லி, கடைசி நாள் ரூம் பில்லைப் பார்த்தா, அடல்ட் பிளானே எடுத்திருந்தா இதை விட கம்மியாத்தான் ஆகியிருக்கும். அதனால ரிசார்ட்டுக்கு எழுதும்போது "பஃபே இல்லாத நாள்ல சைல்டு பிளான் பிள்ளை பெரியவங்க மெனுவுல ஆர்டர் பண்ணலாமா"ன்னு அப்படியே கேளுங்க, பதிலை எழுத்துல வாங்கி வைங்க. ஃபோன்ல சொன்னதை அங்க போய் யாரும் ஒத்துக்க மாட்டாங்க.

இப்ப காசுக் கணக்கு. மாலத்தீவுல ரேட்டு பக்கத்துல பிளஸ் பிளஸ் போட்டிருந்தா நம்ம ஊர் பிளஸ் பிளஸ் மாதிரி நினைச்சிடாதீங்க. இங்க சர்வீஸ் சார்ஜ் 10, ஜிஎஸ்டி 9, ஒண்ணு மேல ஒண்ணு ஏறினா கிட்டத்தட்ட 20 சதவீதம். அங்க சர்வீஸ் சார்ஜ் 10, அதுக்கு மேல சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலையிலருந்து 17, ரெண்டும் சேர்ந்தா 28.7 சதவீதம். ஒரு பேச்சுக்கு ஃபுல் போர்டு பெரியவங்களுக்கு நாளைக்கு 90 அமெரிக்க டாலர், பிள்ளைக்கு 45ன்னு வைங்க. பார்க்க 45 டாலர் வித்தியாசம்தான், வரியோட அது 58 டாலர் ஆகுது, அஞ்சு ராத்திரிக்கு 290. அந்த 290 டாலருக்கு உங்க மகன் தனியா எத்தனை தட்டு வாங்கிச் சாப்பிட முடியும்னு அந்த ரிசார்ட் மெனு விலையை வச்சு பாருங்க, மெனு கேட்டா பிடிஎஃப்பா அனுப்புவாங்க. ராத்திரிக்கு ஒரு தட்டு மட்டும் கூட வாங்கினா போதும்னா சைல்டு பிளானே லாபம், மதியமும் ராத்திரியும் ரெண்டு ரெண்டு தட்டு வேணும்னா அடல்ட் பிளான் சரி. கிரீன் டாக்ஸ்னு ஒண்ணு தனியா வரும், ரிசார்ட்ல தலைக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், 2 வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு மட்டும்தான் கிடையாது. அதுல பிள்ளைக்கு அரை ரேட்டெல்லாம் இல்ல, உங்க நாலு பேருக்கும் அதே 12தான், பட்ஜெட்ல இப்பவே சேர்த்துக்குங்க.

மகளுக்கு பிளான் எடுக்காம விடுற யோசனை வேண்டாம்மா. ஒரே ரூம்ல இருக்கிறவங்க எல்லாரும் ஒரே பிளான்தான் எடுக்கணும்னு நிறைய இடத்துல கண்டிஷன் இருக்கும். அது இல்லாட்டியும் மாலத்தீவுல ஒரு ரிசார்ட்டுனா அது ஒரு தனித் தீவு, கீழ இறங்கிப் போய் காப்பிக்கடையில ஒரு பிராட்டா வாங்கி கொடுத்திட முடியாது. கொறிக்கிற பிள்ளைதான் திடீர்னு கடல்ல ஆடிட்டு வந்து பசிக்குதுன்னு அழும். அவளுக்கு சைல்டு பிளான் போதும், மைலோ பாக்கெட், பிஸ்கட், கப் நூடுல்ஸ் கொஞ்சம் தேக்காவிலருந்தே வாங்கிட்டுப் போயிடுங்க, ரூம்ல கெட்டில் இருக்கான்னு மட்டும் கேட்டுக்குங்க.

உங்க வீட்டுக்கு எதுன்னு கேட்டா நான் ஃபுல் போர்டுதான் சொல்வேன். பெரியவங்க மட்டும்னா காலையில 10 மணிக்கு நல்லா சாப்பிட்டுட்டு நேரா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போயிடலாம், அதுக்கு ஹாஃப் போர்டு போதும், அதுல காலையும் ராத்திரியும் மட்டும்தான். நாள் முழுக்க தண்ணியில கிடக்கிற 11 வயசுப் பையனால மதியச் சாப்பாடு இல்லாம இருக்க முடியாது. ஆல் இன்க்ளூசிவ்ல கூடுதலா வர்றது பெரும்பாலும் மதுதான், நீங்க குடிக்காத குடும்பம்னா அதுக்கு எதுக்குக் காசு. ஆனா ஃபுல் போர்டுல குடிக்கிற தண்ணி சேர்த்தியான்னு கேளுங்க, மேசையில வைக்கிற பாட்டிலுக்கு தனி பில் போடுற இடம் இருக்கு. இன்னொண்ணு, மகனோட 12வது பொறந்தநாள் எப்பன்னு நீங்க எழுதல. புக் பண்ற தேதியில அவன் வயசு என்னங்கிறதை விட செக் இன் தேதியில என்னங்கிறதைத்தான் பெரும்பாலும் பார்ப்பாங்க, தீவுக்குக் கூட்டிட்டுப் போற சீ பிளேன் (தண்ணியில இறங்குற சின்ன விமானம்) டிக்கெட்டுக்கும் அப்படித்தான்.

கேள்வி: அக்கா, வருஷக் கடைசி லீவுல ஆர்லண்டோ டிஸ்னி வேர்ல்டு போறோம். மகளுக்கு 10 வயசு, குருவி மாதிரி சாப்பிடுவா. மகனுக்கு 8. அவளுக்கு சைல்டு பிளான் கேட்டா தர மாட்டேங்குறாங்க, அடல்ட் பிளான் எடுத்தே ஆகணுமா? – ஈசூன் அப்பா

பதில்: ஆமாங்க, அங்க அந்த வயசு வரம்பை நீங்களோ நானோ மாத்த முடியாது. 3லருந்து 9 வரைக்கும்தான் பிள்ளைக் கணக்கு, 10 ஆயிட்டா பெரியவங்க. ஒரே ரூம்ல இருக்கிற 3 வயசுக்கு மேல உள்ள எல்லாரும் ஒரே பிளான்ல இருக்கணும்ங்கிறதால, அவளை மட்டும் விட்டுட்டு மத்த மூணு பேருக்கு எடுக்கிறதும் நடக்காது. உங்க கையில இருக்கிறது ஒண்ணுதான், குடும்பத்துக்கே பிளான் எடுக்கிறதா வேண்டாமான்னு.

இதுல கொஞ்சம் நிதானமா யோசிங்க. ரெண்டு பிளான் இருக்கு, ஒண்ணுல தங்குற ஒரு ராத்திரிக்கு ரெண்டு கவுன்டர் சாப்பாடு (நாமளே கவுன்டர்ல போய் வாங்கிக்கிறது), ஒரு ஸ்நாக். இன்னொண்ணுல உட்கார்ந்து சாப்பிடுறது ஒண்ணு, கவுன்டர் சாப்பாடு ஒண்ணு, ஸ்நாக் ஒண்ணு. 2026ல பெரியவங்க பிளான் எடுத்தா 3லருந்து 9 வயசுப் பிள்ளைக்கு பிளான் இலவசம்னு டிஸ்னி அறிவிச்சிருக்காங்க, குறைஞ்சது 4 ராத்திரி, டிக்கெட்டும் ரூமும் சேர்ந்த பேக்கேஜா எடுக்கணும். அதுல உங்க மகன் வந்திடுவான், மகள் வர மாட்டா. அதனால பையனுக்கு ஃப்ரீயாச்சேன்னு எடுத்தீங்கன்னா மகளுக்கு முழு ரேட்டு கட்டுறீங்கங்கிறதையும் அதே தாள்ல எழுதிப் பாருங்க.

மிக்கி, மின்னி வந்து நிக்கிற பஃபேக்களுக்கு ரெண்டு மூணு தடவை போறதா இருந்தா பிளானுக்கு மதிப்பு இருக்கு, அங்க தனியா காசு கொடுத்தாலும் 10 வயசுக்கு பெரியவங்க ரேட்டுதான் வாங்குவாங்க, 8 வயசுப் பையன் சைல்டு ரேட்டுல எல்லாத்தையும் எடுத்துச் சாப்பிடலாம். 60 நாளைக்கு முன்னாடியே மேசை புக் பண்ண ஆரம்பிக்கலாம், விட்டுட்டீங்கன்னா பிளான் கையில இருந்தும் இடம் கிடைக்காது. அப்படிப் போகலைன்னா எடுக்காதீங்க. அங்க கவுன்டர்ல ஒரு பெரியவங்க தட்டே நம்ம ஊருக்கு ஒன்றரை தட்டு, உங்க மகளும் அம்மாவும் ஒண்ணை வாங்கி பங்கு போட்டுக்கலாம், கவுன்டர்ல ஐஸ் தண்ணி காசில்லாம தருவாங்க.

யாரும் சொல்லாத ஒண்ணு சொல்றேன், டிசம்பர்ல ஆர்லண்டோ நமக்கு 13 மணி நேரம் பின்னாடி. முதல் ரெண்டு மூணு நாள் பிள்ளைங்க சாயங்காலம் 5 மணிக்கே சுருண்டு படுத்திடும், ராத்திரி 2 மணிக்கு எழுந்து பசிக்குதுன்னு நிக்கும். அந்த ராத்திரிச் சாப்பாட்டுக்கெல்லாம் நீங்க முன்னாடியே காசு கட்டியிருப்பீங்க. சாப்பிடாம மிச்சம் இருக்கிற கிரெடிட் (பிளான்ல காசு கட்டின சாப்பாட்டுக் கணக்கு) எல்லாம் ரூமைக் காலி பண்ற நாள் நடுராத்திரியோட போயிடும், காசு திரும்பாது. உங்க மகள் சாப்பிடுற அளவுக்கு என் ஓட்டு பிளான் வேண்டாம்ங்கிறதுதான்.

கேள்வி: பிந்தான் ரிசார்ட்டுக்கு புக் பண்றோம். பையனுக்கு 12 முடிஞ்சு ரெண்டு மாசம் ஆகுது. 11னு போட்டுக்குங்க, யாரும் பார்க்க மாட்டாங்கன்னு ஏஜென்ட் சொல்றார். போடலாமா? – ஜூரோங்

பதில்: போடாதீங்க. தானா மேராவுல ஃபெர்ரி ஏறும்போதும் பாஸ்போர்ட், ரிசார்ட் கவுன்டர்லயும் பாஸ்போர்ட், பொறந்த தேதி அதுல இருக்கு. பிடிபட்டா வித்தியாசத்தை அங்கயே கட்டச் சொல்வாங்க, அப்ப ஏஜென்ட் பக்கத்துல இருக்க மாட்டார். அதை விட, பக்கத்துல நிக்கிற 12 வயசுப் பையனை "யாராவது கேட்டா 11னு சொல்லு"ன்னு சொல்லி வைக்கணும் பாருங்க, அதை என்னால ஏத்துக்க முடியல.

காசு மிச்சம் பிடிக்க நேர்மையான வழியே இருக்கு. பிந்தான் மாலத்தீவு மாதிரி இல்ல, ரிசார்ட்டெல்லாம் இருக்கிற லாகோய் பக்கம் தங்கினா பிளாசா லாகோய்ல சாப்பாட்டுக் கடை இருக்கு, கடலோரம் தண்ணி மேல கட்டின கெலோங் கடைங்களும் இருக்கு. காலைச் சாப்பாடு மட்டும் சேர்த்த ரேட்டு எடுங்க, மத்ததை வெளிய பார்த்துக்கலாம். ரிசார்ட்டுக்குள்ள சாப்பிட்டா பில்லுல 21 சதவீதம் ஏறுறது அங்க வழக்கம், 45 வெள்ளி பஃபேன்னா கையிலருந்து போறது 54 வெள்ளி 45 காசு. ஒரு ராத்திரி மட்டும் பஃபேக்குப் போங்க, பையன் ஆசை தீர சாப்பிடட்டும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம் அக்கா. 7 வயசு மகளுக்கு சைல்டு பிளான்ல சாப்பிட ஏதாவது இருக்குமா? – உட்லண்ட்ஸ்

பதில்: கிட்ஸ் மெனுவுல சைவம்னா பெரும்பாலும் சீஸ் பீட்சாவும் ஃபிரைஸும்தான், அஞ்சு நாள் அதையே தின்னா பிள்ளைக்கு வயித்தைக் கட்டிடும். பெரியவங்க பஃபேல பருப்பு, சாதம், நான், காய்னு பெரும்பாலும் ஏதாவது இருக்கும், அதனால நீங்க போற இடம் மெனு மட்டும் உள்ள ரிசார்ட்டா இருந்தா, பிள்ளை கம்மியா சாப்பிட்டாலும் அடல்ட் மெனுவுக்கு அனுமதி கேளுங்க, தரலைன்னா பஃபே இருக்கிற வேற ரிசார்ட்டைப் பாருங்க. சைவம்னு மட்டும் எழுதினா போதாது, மீன் சாஸ், பெலாச்சான் (இறால் விழுது), சிக்கன் ஸ்டாக், முட்டை எதுவும் வேண்டாம்னு ஒவ்வொண்ணா எழுதுங்க, நம்ம பக்கத்து நாடுகள்ல காய்கறியிலயே பெலாச்சான் போட்டு வதக்குவாங்க, அதை அவங்க சைவம்னுதான் நினைப்பாங்க. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஈமெயில் போட்டுட்டு, போய் இறங்கினதும் செஃபை நேர்ல பார்த்துப் பேசுங்க. வெறும் சாதமும் தயிரும் தினமும் ராத்திரி எடுத்து வைக்க முடியுமான்னு கேளுங்க, நான் கேட்ட இடத்துலெல்லாம் சந்தோஷமா செஞ்சு கொடுத்திருக்காங்க. ஊறுகாய் மட்டும் நீங்க கொண்டு போங்க.